கொதிக்கும் திருமுழுக்குத் தொட்டி

திருமுழுக்குத் தயாரிப்பு வகுப்பின் முதல் நாளில், பிள்ளைக்கு ஞானத்தாயாக வரவேண்டிய தையல்காரியும் ஞானத்தகப்பனாக வரவேண்டிய வேன்காரனும் ஒரே நேரத்தில் கோயிலுக்குள் கால் வைத்ததும், பக்கவாட்டில் இருந்த கல் தொட்டியில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. முதலில் ஓரங்களில் கடுகளவு குமிழ்கள் வந்தன. பிறகு நடுவில் பொங்கி, ஆவி எழுந்து, மேலே தொங்கிய விளக்கின் கண்ணாடி வியர்த்தது. வகுப்பெடுக்க வந்திருந்த சிஸ்டர், இது மின்சாரக் கோளாறாகத்தான் இருக்கும் என்று மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். விளக்குகள் அணைந்தன, மின்விசிறிகள் நின்றன, தண்ணீர் நிற்கவில்லை. மணியடிப்பதிலிருந்து பெஞ்சு துடைப்பதுவரை கோயிலின் எல்லா வேலைகளையும் பார்த்துவந்த கோயில்பிள்ளை, தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து, அதே வேகத்தில் விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் குழாய் ரிப்பேர்காரர் வரவழைக்கப்பட்டார். அவர் தொட்டியைச் சுற்றித் தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, இந்தத் தொட்டிக்குக் குழாயே கிடையாது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அப்போது தண்ணீர் சில்லென்று இருந்தது. தையல்காரி கடையில் இருந்தாள். வேன்காரன் ரொட்டி இறக்கப் போயிருந்தான்.

அந்த இரண்டு பேருக்கும் இடையில் இருந்த பகை யாருக்கும் புதிதல்ல. தையல்காரியின் புருஷன் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். ஒரு மழை நாளில் வேலை முடிந்து நடந்து வந்தவரை, வேன்காரன் நிறுத்தி, தெருமுனை வரைக்கும் இறக்கிவிடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டான். பாலத்தை ஒட்டிய வளைவில் வேன் சறுக்கிச் சுவரில் மோதியது. இடது பக்கம் அப்பளமாக நொறுங்கியது. வலது பக்கத்திலிருந்து வேன்காரன் சட்டைப் பொத்தான்கூட அறுந்துபோகாமல் இறங்கி, நடுரோட்டில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் ரொட்டி நனைகிறது, ரொட்டி நனைகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பிரேக் குழாய் வெடித்ததுதான் காரணம், ஓட்டியவர்மேல் குற்றமில்லை என்று கோர்ட்டில் தீர்ப்பானது. தையல்காரி கோர்ட்டு வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "பிரேக்குக்கு வாய் இல்ல. அதான் பழியைத் தூக்கி அது தலையில போட்டுட்டாங்க."

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடையைத் திறப்பதற்கு முன் அவள் வேன்காரன் வீட்டுக்கு எதிரே போய் நின்றாள். திட்டவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. கழுத்தில் அளவெடுக்கும் டேப்பைப் போட்டுக்கொண்டு, அவன் வெளியே வரும்வரை நின்று, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் கடையைத் திறந்தாள். அவனுக்குப் பெண் பார்த்த வீடுகளுக்கெல்லாம் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். "அந்தக் கை ஒருத்தனை அனுப்பி வச்ச கை. உங்க பொண்ணு கையையும் அதுலதான் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, வைத்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்தாள். வந்த சம்பந்தங்கள் வந்த வழியே போயின. அவனும் சும்மா இருக்கவில்லை. அவள் கடையில் கல்யாணத் துணி தொங்கும் நாளாகப் பார்த்து வேனை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், சீட்டில் சாய்ந்துகொண்டு பேப்பர் படித்தான். வெள்ளை கவுன்கள் எல்லாம் சாம்பல் நிறமாயின. ஊரில் இருந்தவர்கள் முதலில் அவள் பக்கம் நியாயம் சொன்னார்கள், பிறகு அவன் பக்கம் சொன்னார்கள், பிறகு சலித்துப்போய்த் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

இப்படி இருக்கும்போது, அச்சகத்தில் வேலை பார்த்த தையல்காரியின் தம்பிக்கு அடிக்கடி தலைவலி வரத் தொடங்கியது. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண் வேன்காரனின் தங்கை. ஒரு வருடம் விடாமல் தலைவலித்த பிறகு, இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் சோறு பொங்கவில்லை. தையல்காரி தம்பியின் துணிகளை மூட்டை கட்டி வெளியே வைத்தாள். வேன்காரன் தங்கையோடு பேசுவதை நிறுத்தினான். ஆனால் அப்பா அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள், தங்கையைப் படிக்க வைத்தவன் அவன். இருவராலும் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. போய், கோயிலின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். அன்று தீர்த்தத் தொட்டிகளில் ஆவி எழுந்ததையும், பங்குத் தந்தையின் மூக்குக் கண்ணாடி மூன்று தடவை மங்கியதையும் பலர் பார்த்தார்கள். கூட்டம் அதிகம், புழுக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. உதடு நீலமாக இருந்தது. இதயத்தில் ஓட்டை இருக்கிறது, கொஞ்சம் எடை ஏறியதும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். பிழைக்குமா என்று கேட்டதற்கு, பெரும்பாலும் என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல் தாய்க்குப் போதவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் பிள்ளைக்குத் திருமுழுக்கு ஆகிவிட வேண்டும் என்றாள். அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஞானத்தாய் என் அக்காதான் என்றான் தகப்பன். ஞானத்தகப்பன் என் அண்ணன்தான் என்றாள் தாய். பிரசவ வலி வந்த நாளில், ஊரெல்லாம் வெள்ளமாக இருந்தபோது, கதவு உயரத் தண்ணீரில் வேனைச் செலுத்தி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் அவன். அதை அவள் எடுத்துச் சொன்னாள். எனக்குப் பல் முளைத்ததே அக்கா மடியில்தான் என்று இவன் எடுத்துச் சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் முதல்முறையாகத் தட்டு பறந்தது.

பங்குத் தந்தை நல்லவர், ஆனால் அவசரக்காரர். ஞானப் பெற்றோர் ஒருவர் இருந்தாலே போதும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அப்ப அந்த ஒருத்தி நான்தான் ஃபாதர்" என்றாள் தையல்காரி. "அந்த ஒருத்தன் நான்தானே ஃபாதர்?" என்றான் வேன்காரன். அதன் பிறகு அவர் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. இருவரும் வகுப்புக்கு வரட்டும், வேதத்தைக் கேட்டால் மனசு இளகும் என்று சிஸ்டரிடம் ஒப்படைத்தார். இளகியது மனசு அல்ல, பொம்மை.

பிள்ளையை எப்படிப் பிடிப்பது, தலையைத் தொட்டிமேல் எப்படிச் சாய்ப்பது என்று காட்ட சிஸ்டர் ஒரு ரப்பர் பொம்மை வைத்திருந்தார். பல வருடங்களாக எத்தனையோ ஞானத்தாய்மார் அதைத் தூக்கிப் பழகியிருந்தார்கள். தையல்காரி அதை ஏந்தினாள், வேன்காரன் மெழுகுதிரியைப் பிடித்தான், சிஸ்டர் மறதியாகத் தொட்டியிலிருந்து ஒரு குவளை மொண்டு ஊற்றிவிட்டார். பொம்மையின் நெற்றி உள்ளே அமுங்கியது, மூக்கு கன்னத்தோடு ஒட்டியது, ஒரு கண் வழிந்து காதுக்கு வந்தது. பெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த தாய் அதைப் பார்த்தாள். பிள்ளையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றிரவு அவளுக்குப் பால் சுரக்கவில்லை.

வகுப்பு தொடர்ந்தது. சடங்கில் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழக வேண்டும். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சிஸ்டர் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

"விட்டுவிடுகிறேன்" என்றாள் தையல்காரி. "ஆனா அது எந்திரிச்சுப் போக மாட்டேங்குதே சிஸ்டர். எனக்கு எதிர் பெஞ்சிலதான் உட்கார்ந்திருக்கு."

"நான் எப்பவோ விட்டுட்டேன் சிஸ்டர்" என்றான் வேன்காரன். "அதுதான் தினம் காலையில டேப்பை மாட்டிக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்குது."

தொட்டி நிரம்பி வழிந்தது. பளிங்குத் தரையில் கொதிநீர் ஓடி வந்து சிஸ்டரின் செருப்பை நனைத்தது. அவர் வேதப் புத்தகத்தை மூடி, மீதிப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்றார்.

பங்குத் தந்தை தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினார், அதுவும் கொதித்தது. மீன் கடையிலிருந்து ஐஸ் பாளம் கொண்டுவந்து இறக்கினார். வேன்காரன் வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே அது உருகி, தையல்காரி உள்ளே வந்து சிலுவை போடுவதற்குள் பொங்கி, கோயில் முழுக்க ஒரு மாதம் மீன் வாடை அடித்தது. ஆயரின் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார். அங்கே இருந்தவர் நெடுநேரம் யோசித்து, வெந்நீரும் தண்ணீர்தான், செல்லும் என்றார். யாராவது ஒருவர் அந்த ஒரு நிமிடம் மட்டும் வெளியே நிற்கலாமே என்று கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தார். நான் ஏன் போகணும், அவன் போகட்டும் என்று ஒருத்தியும், நான் ஏன் போகணும், அந்தம்மா போகட்டும் என்று ஒருவனும் சொன்னார்கள். இதற்கிடையில் தையல்காரி தூங்காமல் உட்கார்ந்து பிள்ளைக்கு வெள்ளை கவுன் தைத்தாள். அது போகட்டும் என்று பார்த்தால், வேன்காரன் பெரிய கடையில் இன்னொரு வெள்ளை கவுன் வாங்கிக்கொண்டு வந்தான். பிள்ளையோ ஒரு கவுனுக்குக்கூடக் காணாத அளவில் இருந்தது.

எடை ஏறவில்லை. ஒரு காலையில் பிள்ளையின் நகங்களும் நீலமாகின. டாக்டர் பார்த்துவிட்டு, இனி எடைக்குக் காத்திருக்க முடியாது, நாளை ஆபரேஷன், இன்று சாயங்காலமே வந்து சேருங்கள் என்றார். தாய் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்தாள். மதியப் பொழுது, கோயிலில் யாரும் இல்லை. தகவல் போய், பங்குத் தந்தையும் தகப்பனும் வந்து சேர்ந்தார்கள். தையல்காரி விரலில் ஊசி குத்தாமல் இருக்கப் போடும் தொப்பியோடு ஓடி வந்தாள். வேன்காரன் பாதி ரொட்டியை இறக்காமல் வந்தான். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"நான் ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க" என்றாள் தாய். அவள் குரல் உயரவில்லை. "அண்ணி, உங்களுக்கு உங்க புருஷன் போன வலி. அண்ணா, உனக்கு உன் வாழ்க்கை போன வலி. ரெண்டையும் நான் இல்லேன்னு சொல்லல. காலம் பூரா சண்டை போட்டுக்கோங்க. அதுக்கு உங்களுக்கு நேரம் இருக்கு. என் பொண்ணுக்கு இல்ல."

தகப்பன் அக்காவின் முன்னால் போய் நின்றான். வாழ்நாளில் அவளை எதிர்த்துப் பேசாதவன், "அக்கா, வெளிய போ" என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரும்பி வாசலை நோக்கி நடந்தாள். வேன்காரன் தலையை நிமிர்த்தினான். ஜெயித்துவிட்ட முகம் அது, அதை மறைக்க அவன் முயலவும் இல்லை. அவள் படி இறங்கியதும் குமிழ்கள் அடங்கின. பங்குத் தந்தை கைகூப்பிவிட்டு அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார், பெயரைச் சொன்னார்கள். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார், விட்டுவிடுகிறோம் என்றார்கள். அப்போது பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தது, வெளியே விடவில்லை. முகம் கறுத்தது. தாய் வீறிட்டு அலறினாள்.

அந்தக் குரல் கேட்டதும் தையல்காரி திரும்பி ஓடி வந்தாள். தொட்டி மறுபடி பொங்கியது. அவளை வெளியே அனுப்பவோ தண்ணீர் ஆறவோ இனி நேரம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பங்குத் தந்தை தலையில் ஊற்றுவதற்கான சிப்பியால் தண்ணீரை மொண்டார். சிப்பி சுட்டது. அவர் கை பிள்ளையின் தலைக்கு மேலே வந்து, அப்படியே நின்றுவிட்டது. "என்னால முடியலம்மா" என்றார்.

தையல்காரி பிள்ளையின் தலைக்கு மேலே தன் உள்ளங்கையைக் குடையாக விரித்தாள். "ஊத்துங்க" என்றாள்.

பிதாவின் பெயராலே என்று அவர் ஊற்றினார். கொதிநீர் அவள் கைமேல் விழுந்து, விரல் இடுக்குகளில் இறங்கி, பிள்ளையின் தலையைத் தொட்டது. அவள் பல்லைக் கடித்தாள், கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வேன்காரன் மெழுகுதிரியைத் தகப்பனிடம் திணித்துவிட்டு, தன் கையை அவள் கைக்கு மேலே கொண்டுபோய் வைத்தான். பிள்ளைமேல் உள்ள பாசத்தில் வைத்தான் என்று சிலர் சொல்கிறார்கள். இந்த வேதனையைக்கூட அவள் மட்டும் தனியாக அனுபவித்துப் பெயர் வாங்குவதை அவனால் பொறுக்க முடியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். சுதனின் பெயராலே என்று அவர் ஊற்றியது அவன் கையில் விழுந்தது. உடனே அவள் தன் கையைக் கீழேயிருந்து உருவி மேலே வைத்தாள். "எடு கையை" என்றாள். பல வருடங்களில் அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. "முடியாது, நீ எடு" என்றான் அவன். இருவரும் எடுக்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் இடித்துத் தள்ளியபடி, கைகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்ற இடத்தில், பரிசுத்த ஆவியின் பெயராலே என்று மூன்றாம் தடவை தண்ணீர் விழுந்தது.

இரண்டு கைகளையும் கடந்து வந்த தண்ணீர் பிள்ளையைக் குளிப்பாட்டும் சூட்டில் இருந்தது. தாய் தொட்டுப் பார்த்ததாகப் பிறகு சொன்னாள். பிள்ளை ஒரு தும்மல் போட்டு, மூச்சை விட்டு, கோயில் அதிர அழுதது. பங்குத் தந்தை மிச்சச் சடங்கை ஒரே மூச்சில் முடித்தார். எண்ணெய் பூசியாயிற்று, வெள்ளை ஆடை போர்த்தியாயிற்று. எந்த ஆடை என்று யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி கிடைக்கவில்லை. தாயும் தகப்பனும் பிள்ளையோடு பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே ஏறிக்கொண்டார்கள். முன் சீட்டில், இடது பக்கத்தில்தான் இடம் இருந்தது. தையல்காரி கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்து, வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கதவைச் சாத்தினாள். அவன் ஒரு கையால் ஓட்டினான். பாலத்து வளைவு வந்தபோது வேன் ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைந்தது.

"மெதுவாப் போ" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

"மெதுவாத்தான் போறேன்."

"அன்னைக்கும் இதையேதான் சொல்லியிருப்ப."

அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து வளைவைத் தாண்டினான். தாண்டிய பிறகு, "அன்னைக்கு யாரும் என்கிட்ட மெதுவாப் போன்னு சொல்லல. அவர் பாடிக்கிட்டு வந்தாரு" என்றான். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை திருப்பியபடியே இருந்தாள். என்ன பாட்டு என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முந்தின நாள் சாயங்காலம் வந்து சேர்ந்ததுமே இருவருக்கும் ஒரே அறையில் கட்டுப் போட்டிருந்தார்கள். நர்ஸ் கேட்டதற்கு, வெந்நீர் கொட்டிவிட்டது என்று இருவரும் சொன்னார்கள். எங்கே, எப்படி என்று கேட்டபோது ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். பிள்ளையின் உதட்டில் சிவப்பு ஏறியது என்று தகப்பன் ஓடி வந்து சொன்னபோது, அவள் அழுதாள். அவன் எழுந்து வெளியே போய், வேனில் உட்கார்ந்து அழுதான்.

அதற்குப் பிறகும் அவர்கள் சமாதானம் ஆகவில்லை. காலையில் எதிரே போய் நிற்பதைத் தையல்காரி விட்டுவிட்டாள், கைக்கட்டோடு கடை வேலையே பெரும்பாடாக இருந்ததால் விட்டாள் என்றுதான் அவள் சொன்னாள். அவன் வேனை வேறு தெரு வழியாக ஓட்டினான், அங்கே பள்ளம் குறைவு என்றான். பிள்ளையின் பிறந்த நாளுக்கு அவள் மதியம் வருவாள், அவன் சாயங்காலம் வருவான். பிள்ளை வளர்ந்து, ஓடித் திரிந்து, பள்ளிக்கூடம் போய், கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கியது. அத்தை தப்பாகப் பேசினால் மாமாவிடமும், மாமா தப்பாகப் பேசினால் அத்தையிடமும் அப்படியே போய்ச் சொல்லி, இரண்டு பக்கமும் மிட்டாய் வாங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே பூசைக்கு வந்தார்கள். வேறு பூசைக்குப் போகச் சொல்லி யாரும் இனி கேட்கவில்லை, அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்குத் திருமுழுக்கு வாங்க வேறு பிள்ளைகள் இருந்தால் கோயில்பிள்ளை முன்கூட்டியே ஒரு ஜாடியில் தண்ணீர் பிடித்து வெளியே மர நிழலில் வைத்துவிடுவார். குளிர்காலத்தில் மூட்டுவலிக்காரர்கள் சீக்கிரம் வந்து தொட்டியை ஒட்டிய பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவசரக்காரப் பங்குத் தந்தை மாற்றலாகிப் போய், இளவயதுக்காரர் ஒருவர் புதிதாக வந்தார். தன் முதல் ஞாயிறன்று அவர் பூசை உடையோடு வாசலிலிருந்து பவனியாகப் புறப்பட நின்றபோது, தொட்டியில் குமிழ் வருவதையும், ஆவி எழுவதையும், மக்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்து, வெளிறிப்போய்க் கோயில்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல ஃபாதர்" என்றார் கோயில்பிள்ளை. "ரெண்டு பேரும் வந்துட்டாங்க. நீங்க ஆரம்பிங்க."